மேடைக்கு வெள்ளை நாற்காலி

அண்ணியின் கடையில் ஒரு பக்கம் விழாக்களுக்கு மேஜை நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். மறுபக்கம் குளியலறைச் சாமான்கள் விற்பனைக்கு. இரண்டுக்கும் ஒரே கிடங்கு. எது எங்கே இருக்கிறதென்று தேடியே பாதிப் பொழுது போனதால், "வீட்டுலயே ஒரு ப்ரோகிராமர் சும்மா சாப்பிட்டுக்கிட்டிருக்கானே" என்று கொழுந்தனைப் பிடித்துக்கொண்டாள்.

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எந்தப் பொருள் என்ன வகை என்று முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லும் கணினி மொழியில்தான் அவன் எழுதுவான்.

"நாற்காலி கேக்கற எடத்துல வேற எதையாவது குடுத்தா, ப்ரோகிராம் ஓடறதுக்கு முன்னாடியே, எழுதினதச் சரிபாக்கற கம்பைலர் கத்திடும் அண்ணி. அதுகிட்ட யார் பாச்சாவும் பலிக்காது."

"நாற்காலின்னா என்னன்னு அதுக்கு எப்படிப்பா தெரியும்?"

"நான் சொல்லிக் குடுப்பேன். 'இருக்கை'ன்னு ஒரு இன்டர்ஃபேஸ். உயரம், தாங்குற எடை, நிறம். இந்த மூணும் எதுல இருக்கோ, அது இருக்கை."

"காலு? முதுகு?"

"ஸ்டூலுக்கு முதுகு ஏது அண்ணி? சுருக்கமா இருக்கறதுதான் அழகு."

அண்ணி உதட்டைப் பிதுக்கினாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பல் மருத்துவர் சங்கத்தின் ஆண்டு விழாதான் முதல் ஆர்டர். மேடைப் பிரமுகர்களுக்கு வெள்ளை நாற்காலி வேண்டும் என்றார்கள். ப்ரோகிராமில் அந்த ஆர்டருக்கான வரியில் அவன் 'வெள்ளை' என்று தட்டியதும், மீதியை எடிட்டர் மென்பொருளே நிரப்ப முன்வந்தது. அது காட்டிய பட்டியலில் முதலில் வந்ததைப் படித்துப் பார்க்காமல் அப்படியே ஏற்றுக்கொண்டான். கம்பைலர் மூச்சு விடவில்லை. தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டு தூங்கப் போனான்.

மறுநாள் சங்கச் செயலாளர் போனில் அலறினார். அண்ணி ஸ்கூட்டரை எடுக்க, அவன் பின்னால் தொற்றிக்கொண்டான்.

மேடையில் பேனருக்குக் கீழே, பூங்கொத்து வைத்த மேஜைக்குப் பின்னால், பளபளவென்று ஒரு வரிசை வெள்ளை வெஸ்டர்ன் டாய்லெட். ஒவ்வொன்றின் மூடியிலும் ஒரு பிரமுகரின் பெயர் ஒட்டியிருந்தது. அரங்கில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டும், மீதிப் பேர் பொத்தாமலும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்று அண்ணி லாரி டிரைவரைப் பிடித்தாள்.

"கம்ப்யூட்டர்ல 'மேடைக்கு'ன்னு வந்துச்சும்மா. ஏதோ நாடகம் போடறாங்கன்னு நெனச்சேன்."

ஒவ்வொன்றும் பிணக் கனம் கனத்தது. கொழுந்தனும் டிரைவரும் கட்டிப்பிடித்துத் தூக்கி இறக்குகையில் முன்வரிசையில் கைதட்டல் வேறு. பார்வையாளர் வரிசையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை அண்ணியே இழுத்து மேடையில் போட்டாள். அதற்கு நடுவிலும் ஒரு பல் டாக்டர் மெல்ல வந்து, "இதுல ஃப்ளஷ் சத்தம் அதிகமா இருக்குமா?" என்று விசாரித்தார். அண்ணி வியர்வையைத் துடைத்துக்கொண்டே கடை விலாசத்தைக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் லேப்டாப் முன் விழுந்தான். சங்கதி இதுதான்: டாய்லெட்டுக்கும் உயரம் உண்டு, தாங்கும் எடை உண்டு, நிறம் உண்டு. கூடுதலாகத் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. ஆனால் கூடுதலாக இருப்பதைப் பற்றி அந்த மொழிக்குக் கவலையில்லை. கேட்ட மூன்றும் இருந்தன, ஆகவே இருக்கை.

"அது பொய் சொல்லல அண்ணி. நான்தான் சரியாக் கேக்கல."

"காலு, முதுகுன்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

ஒவ்வொரு பொருளுக்கும் 'வகை' என்று ஒன்றைச் சேர்த்தான். இருக்கை என்றால் அதில் 'நாற்காலி' என்றே இருக்க வேண்டும் என்று அடித்து எழுதினான். உடனே அந்த மேடை வரியின் கீழ் சிவப்புக் கோடு விழுந்தது. "கத்துது, கத்துது!" என்று குதித்தான். குதித்து முடிப்பதற்குள் ஸ்டூல் வரி சிவந்தது. பெஞ்ச் சிவந்தது. சோபா சிவந்தது. திரை முழுக்க அம்மை போட்டாற்போல் ஆகிவிட்டது. அவையெல்லாம் நாற்காலி இல்லையே!

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தான். டீ டம்ளரோடு அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"இவ்வளவு பாடு எதுக்குடா? லாரில ஏத்தும்போது ஒரு தரம் பாத்தா தெரிஞ்சிருக்காதா?"

"நீங்க சும்மா இருங்க," என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "எதெதுல உக்காரலாம்னு இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கான். நடுவுல பேசிக் கெடுக்காதீங்க."