என்ஜினை இறக்காமல்

என்ஜினை இறக்காமலே அதன் அடியிலுள்ள 'ஆயில் பான்' என்னும் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிக்காட்டுகிறேன் என்று மனைவியின் அண்ணனான மச்சானிடம் வாய் விட்டவன் அவன்தான். என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் போல்ட்டுகளை எடுத்து, ஜாக்கிமேல் மரக்கட்டை வைத்து என்ஜினைக் கொஞ்சம் தூக்கினான். பான் பாதி இறங்கிக் குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாய் தடுத்தது. அதைக் கழற்றிப் பானுக்குள்ளேயே போட்டால்தான் வழி. வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, இடுக்கில் கையை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத போல்ட்டைத் துழாவிக்கொண்டிருக்கையில் மரக்கட்டை சடக்கென்று நகர்ந்தது. என்ஜின் துளி இறங்கியது. மணிக்கட்டு மாட்டிக்கொண்டது.

உயிர் போகிற வலி இல்லை. இழுத்தால் தோல் உரிந்தது. ஜாக்கியின் கைப்பிடி எட்டவில்லை. மச்சானைக் கூப்பிட வாய் வரவில்லை. பட்டறை அவருடையது, குடியிருக்கும் மாடி அவருடையது, இதற்கும் அவர்தானா? வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். அதை மச்சானிடம் சொல்லத்தான் இத்தனை நாளாகத் தைரியம் திரட்டிக்கொண்டிருந்தான்.

வண்டி ஓரத்தில் மனைவியின் செருப்புகள் வந்து நின்றன.

"என்னங்க, வெளிய வராதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்குச் சொல்ல வராது."

"வரல. சொல்லு."

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், நாம எங்கயும் போகலைன்னு. அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. பட்டறைல உங்களையும் கூட்டாளியா சேத்துக்கறேங்கறாரு."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா போலாம்னுவீங்க. அங்க நமக்குன்னு யாருங்க இருக்கா?"

'நான் இருக்கேனே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். எழுந்து எங்கேயாவது போய்விட வேண்டும் போலிருந்தது. குதிகால் தரையில் வழுக்கியது, அவ்வளவுதான்.

"திட்டவாவது செய்ங்களேன்."

"கை மாட்டிக்கிச்சு."

"ஐயோ! எப்ப?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே."

செருப்புகள் திரும்பின. "அண்..."

"அவரைக் கூப்பிடாத. நீயே அந்த ஜாக்கிக் கைப்பிடியை அழுத்து. மெதுவா."

அவள் மண்டியிட்டாள். வளையல்கள் குலுங்கின. என்ஜின் முனகிக்கொண்டு எழும்பியது. கை விடுபட்டது. ஆனாலும் அவன் அதை வெளியே எடுக்கவில்லை. குழாயின் போல்ட்டுகள் இப்போது விரலுக்கு அகப்பட்டன. ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினான். குழாய் பானுக்குள் தொப்பென்று விழ, பானைச் சாய்த்து உருவி நெஞ்சின்மேல் இறக்கிக்கொண்டான். மிச்ச எண்ணெய் சட்டைக்குள் இளஞ்சூடாக வழிந்தது.

"விட்டுடட்டுமாங்க?" என்றாள்.

கையை எடுத்தாலும் ஜாக்கி நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது. கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவன் அவற்றையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.