முதலில் வந்த பதில்

முதலாளி எதையும் யோசித்து முடிவெடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. வயிற்று வலியா, மனைவிக்குப் பிறந்தநாள் பரிசா, ஆபீசுக்கு எந்த நிறத்தில் நாற்காலி வாங்குவது என்கிற தலைபோகிற பிரச்சினையா, எதுவானாலும் கம்ப்யூட்டரில் தட்டுவார், முதலில் வருகிற பதிலைப் படிப்பார், அப்படியே செய்வார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் நடத்தியதே அந்த முதல் இடத்தை விற்கிற கம்பெனிதான். யார் எதைத் தேடினாலும் காசு கொடுத்தவனுடைய இணையப் பக்கம் மேலே வந்து நிற்கும்படி செய்வதுதான் அங்கே தொழில். பாலில் தண்ணீர் ஊற்றி விற்கிறவனே அந்தப் பாலை வாங்கிக் குடித்து உடம்பைத் தேற்றப் பார்த்த கதை.

தண்ணீர் ஊற்றுகிற கை ராங்க் அக்காவுடையது. எந்தப் பக்கத்தையும் மேலே ஏற்றிவிடுவாள் என்பதால் ஆபீசில் அவளுக்கு அந்தப் பெயர். பள்ளிக்கூடப் படிப்போடு டைப் அடிக்க வந்தவள். கழுத்தில் டை கட்டிக்கொண்டு பட்டத்தோடு வந்த பையன்கள் அவளிடம் தொழில் கற்றுக்கொண்டு, அவளுக்கே மேலதிகாரியாகி, இன்னும் பெரிய இடத்துக்குப் பறந்துபோனார்கள். வாடிக்கையாளர் கூட்டம் என்றால் அந்தப் பையன்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். இவள் கதவோரமாக, மடியில் லேப்டாப்போடு. பேசுகிறவன் திணறும்போது மட்டும் திரும்பிப் பார்ப்பான், இவள் மெதுவாக எடுத்துக் கொடுப்பாள். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் இவளைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி கொண்டு வாம்மா" என்றார். கொண்டு வந்தும் கொடுத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் டீம் ஹெட் வேலையை விட்டுப் போனதும் அவள் நேரே முதலாளி அறைக்குப் போனாள். அவளுக்கு வேண்டியது அந்த மேஜையில் ஒரு நாற்காலி.

"சார், ஹெட் வேலையை எனக்குக் கொடுங்க. எல்லாத்தையும் நான்தானே பாக்கறேன்."

"உனக்குக் கொடுக்காம வேற யாருக்கும்மா கொடுக்கப்போறேன்?" என்ற முதலாளி, "எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம்" என்று கீபோர்டை இழுத்தார்.

அவர் என்ன தட்டுகிறார் என்று அவள் எட்டிப் பார்த்தாள். தேடல் மார்க்கெட்டிங் வேலைக்குப் பட்டம் அவசியமா? முதலில் என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு தனியார் கல்லூரிக்காக அதை எழுதி ஏற்றிவைத்தவளே அவள்தான்.

முதலாளி விரலை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தார். "'பட்டம் இல்லாதவர் வேலையைச் செய்யலாம். ஆனால் ஒரு குழுவை நடத்த முடியாது.' பாத்தியா? எவ்வளவு அழகா சொல்லியிருக்கான்!"

"அதை எழுதினது நான் சார்."

முதலாளி முகம் மலர்ந்தது. "அதானே பாத்தேன், இவ்வளவு தெளிவா இருக்கேன்னு. அப்ப உனக்கே விஷயம் தெரிஞ்சிருக்கு!"

"ஐயோ சார், அது காலேஜ்காரங்க காசு கொடுத்து எழுதச் சொன்னது. இதே கேள்விக்கு ஒரு கோச்சிங் சென்டருக்காக நேர்மாறா எழுதியிருக்கேன். கொஞ்சம் கீழே பாருங்க, ரெண்டாவதா இருக்கு."

"ரெண்டாவதா இருக்குன்னா ஏதாவது காரணம் இருக்கும்லம்மா" என்றார் முதலாளி, அவள் மேல் இரக்கப்பட்டு.

இப்படிப்பட்ட மூளைக்கு முன்னால் என்ன வாதம் எடுபடும்? அவள் வெளியே வந்தாள். யாரைக் குறை சொல்வது? அவசியம் என்றும் அவசியமே இல்லை என்றும் ஒரே வாரத்தில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கை கூசாமல் எழுதியவள் அவள். பட்டம் வேண்டுமா வேண்டாமா என்று அப்போது ஒரு நிமிஷம்கூட அவள் யோசிக்கவில்லை. தலைப்பில் எத்தனை எழுத்து வரலாம் என்பதைத்தான் யோசித்தாள்.

வீட்டில் எலக்ட்ரீஷியன் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தக் காலேஜிலேயே ஒரு டிகிரியைப் படிச்சுத் தொலையேன்" என்றார்.

"அந்தப் படிப்பை வித்ததே நான்தாங்க. அதுல ஒரு மண்ணும் இல்ல."

"மண்ணு இல்லாட்டி என்ன, காகிதம் இருக்குல்ல?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பாடு இறங்கவில்லை. படிக்கிறவனைத் திருத்த முடியாவிட்டால் படிக்கிற பக்கத்தை மாற்றிவிட வேண்டியதுதான். மறுநாளே கோச்சிங் சென்டர் பக்கத்தைக் கையில் எடுத்தாள். தலைப்பை மாற்றினாள், மந்தமாகத் திறந்த பக்கத்தைச் சட்டென்று திறக்கவைத்தாள், தெரிந்த இணையதளக்காரர்களையெல்லாம் கெஞ்சி அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்க வைத்தாள். அதுவரை யாருக்கும் அப்படி உழைத்தவள் இல்லை. கல்லூரியின் பக்கத்தைக் கெடுக்கவில்லை, சீண்டாமல் விட்டாள், அவ்வளவுதான். அது தானாகவே கீழே சரிந்தது. கல்லூரிக்காரர் போனில் கத்தினார். "அல்காரிதம் மாறிடுச்சு சார், நம்ம கையில என்ன இருக்கு?" என்றாள். இந்தத் தொழிலில் சாகிறவரைக்கும் செல்லுபடியாகிற ஒரே பதில் அதுதான்.

ஒரு திங்கட்கிழமை கோச்சிங் சென்டர் முதலிடத்துக்கு வந்தது. அந்த வாரமே முதலாளி எல்லோரையும் மேஜைக்குக் கூப்பிட்டார்.

"டிகிரி டிகிரின்னு நாம கட்டிக்கிட்டு அழறோமே, அது எல்லாம் வெறும் காகிதம்!" என்று முழங்கினார். "'இந்தத் தொழிலுக்கு வேண்டியது ஆர்வம் மட்டுமே.' இனிமே நம்ம கம்பெனியில ஹெட் ஆகறதுக்குப் பட்டம் தேவையில்ல!"

அத்தனையும் அவள் எழுதிய வரிகள். ஒரு எழுத்து மாறவில்லை. அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த பெண் அவள் தொடையைக் கிள்ளி, "அக்கா, ட்ரீட்டு!" என்றாள்.

"அதனால நம்ம புது ஹெட்டு..." என்று முதலாளி கதவைப் பார்த்துக் கையை நீட்டினார். உள்ளே வந்தது அவருடைய மைத்துனன். கல்லூரியில் சேர்ந்து பாதியில் நின்றவன். மொபைல் கடை வைத்து மூடியவன், உடற்பயிற்சிக் கூடம் வைத்து மூடியவன். மூடுவதற்கு இப்போது புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் அவள் முதலாளியை மடக்கினாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னை என்னம்மா பண்ணச் சொல்றே? தம்பிக்கு ஒரு வேலை கொடுன்னு என் பெண்டாட்டி ரொம்ப நாளா நச்சரிச்சிட்டிருந்தா. பட்டம் இல்லன்னு சொல்லித்தான் தடுத்து வெச்சிருந்தேன். இப்ப எதைச் சொல்லித் தடுக்கறது? முதல்ல வந்திருக்கே!"

"அப்ப நான்?"

"நீ இல்லாம அவன் என்ன பண்ணுவான்? நீதானே எல்லாம் சொல்லிக் கொடுக்கணும்."

அந்தப் பதிலைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது புது ஹெட் அவளுக்காகக் காத்திருந்தான். நல்ல பிள்ளைதான், திமிர் ஒன்றும் இல்லை, அதுதான் இன்னும் கொடுமை. அவன் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் இத்தனை காலம் ஏங்கிய அதே மேஜை.

"உக்காருங்கக்கா. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பன்னண்டாவது."

அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்பாடா! நானும் அதேதான். நான் பயந்துட்டே வந்தேன்க்கா. அப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

அவள் உட்காரவில்லை. பத்து வருஷ உழைப்பும் இழுத்து மூடிய மொபைல் கடையும் ஒன்று. ஆர்வம் மட்டும் போதும் என்று அவள்தானே எழுதினாள், அவன் மேல் என்ன தப்பு?

"ஒண்ணுதான் தம்பி" என்று கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அப்ப நான் பாத்த வேலையையும் சேர்த்து நீங்களே பாத்துடலாமே."

அவன் சிரித்தான், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து. அவள் லிஃப்ட் வரும்வரைகூட நிற்காமல் படியிலேயே இறங்கிவிட்டாள்.