உள்ளே விட்ட துணி

...அந்த 'நானே' மட்டும் எதற்கு இத்தனை சிவப்பு, மற்ற எழுத்தெல்லாம் நீலமாகத்தானே இருக்கிறது, 'என் வெற்றிக்கு நானே பொறுப்பு' என்று அவள் எந்தக் காலத்தில் சொன்னாள், சொன்ன மாதிரி மேற்கோள் குறி வேறு. மேடையின் இடது பக்கத்தில் அவளைவிட இரண்டடி உயரமாக நிற்கிறது அந்தப் படம், ஒரு பாதியில் ஆபரேஷனுக்கு முந்தைய அவள், மறு பாதியில் ஒரு வருஷம் கழித்து அவள், பழைய கால்சட்டையின் இடுப்பை ஒரு கையால் முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே இன்னொரு ஆளை இறக்கலாம் என்பது போல் சிரிக்கிறாள். இரைப்பையைக் குறுக்கிக்கொண்டவர்களின் ஆண்டுக் கூட்டம் இது, ஆஸ்பத்திரியின் மேல்மாடி அரங்கம், இருநூறு நாற்காலி, எல்லாம் கைப்பிடி இல்லாத அகல நாற்காலி, யாரும் சிக்கிக்கொள்ளக் கூடாதே. முதலில் பெரிய டாக்டர், அடுத்து டயட்டீஷியன் அம்மாள், மூன்றாவதாக இவள், ஐந்து நிமிடம். படம் எடுத்தது போன வருஷம். அதற்குப் பிறகு பதினோரு கிலோ திரும்பி வந்திருக்கிறது, சத்தமில்லாமல், முகவரி தெரிந்த விருந்தாளி மாதிரி... இந்த அரங்கத்தில் அது ஒருத்தருக்கும் தெரியாது. எப்படித் தெரியும், அவள் துணி திருத்துகிற கடை வைத்திருப்பவள் அல்லவா, பெரிதைச் சிறிதாக்குவதும் சிறிதைப் பெரிதாக்குவதும்தானே பிழைப்பு, படத்தில் போட்டிருக்கிற அதே நீலச் சட்டையைத்தான் இன்றும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத் தையலைப் பிரித்து இரண்டு புறமும் ஒன்றேகால் அங்குலம் விட்டிருக்கிறாள், போன மாதம் அக்குளுக்குக் கீழே இன்னொரு கால் அங்குலம்.

டாக்டர் பேசிக்கொண்டிருந்தார், பேச்சென்று சொல்லக் கூடாது, தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்வது இன்னும் முடியவில்லை, எந்தெந்த நாட்டில் யார் யார் தன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள் என்பதில் இருந்தார். ஆயிரத்து நானூறு பேர், என்றார், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வெற்றி. அந்தத் தொண்ணூறும் அவர் கை வண்ணம், மீதிப் பத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலை இறக்கி, "அவங்க ஒத்துழைக்கலை" என்றார், இறந்துபோனவர்களைப் பற்றிப் பேசுவது போல. யோசித்துப் பார்த்தால் அவரும் இவள் தொழில்தான், வெட்டி, குறுக்கி, தைத்து அனுப்புகிறவர், என்ன, அவர் தைப்பது தன்னிஷ்டத்துக்கு இழுபடுகிற துணியில். வலப்பக்கம் கணவர், முழங்காலைத் தட்டி ரகசியமாக, "என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடு, காலையில நடக்கக் கூட்டிட்டுப் போனது நான்தானே" என்றார். நான்கு நாள் கூட்டிக்கொண்டு போனார், ஐந்தாம் நாள் அவருக்கு முழங்கால் வலி. சொல்றேங்க, என்றாள். அவர் பாவம், அவர் அளவுக்கு அவரும் ஒரு நூல் கோத்திருக்கிறார். எல்லாரையும் சொல்லிவிடலாம், ஒரு ஆளைத் தவிர... மூன்றாவது வரிசையில் ஓரமாக ஒரு நாற்காலி காலி, கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து நாலு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள், வராதவர்களுக்கு எது நாற்காலி என்று எப்படிச் சொல்வது, பின்னால் பத்துப் பதினைந்து காலியாகத்தானே இருக்கிறது.

அந்த ஆள், இவள் அக்கா என்று கூப்பிடுகிறவள், இதே ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்தாள். ஒரே நாள், ஒரே டாக்டர், இவள் காலை எட்டு மணிக்கு, அக்கா பதினொன்றுக்கு. மயக்கம் தெளிந்து இவள் கண்ணைத் திறந்தபோது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல், "என்ன வேலை பாக்கறே" என்றது. தையல், என்றாள். "இந்த உடம்பை வச்சுக்கிட்டு ஊசியா" என்று சிரிக்க ஆரம்பித்து, சிரித்தால் வயிற்றுத் தையல் இழுக்க, ஐயோ ஐயோ என்று அழுதுகொண்டே சிரித்தாள் அக்கா, அன்றிலிருந்து இவள் பெயர் ஊசி. அக்காவுக்குத் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் வருகிறவர்களின் புகாரை வாங்கி எழுதும் வேலை. "ஊர்ல பாதிப் பேருக்குக் குடிக்கத் தண்ணி வரலைன்னு என்கிட்ட வந்து கத்தறாங்க, இந்த ஆளு என்னடான்னா என்னை மட்டும் தினம் மூணு லிட்டர் குடின்னு எழுதித் தர்றாரு, எங்க ஆபீஸ்ல தெரிஞ்சா என்ன ஆகும்" என்பாள். ஒரு வாயை இருபது தடவை மெல்ல வேண்டும் என்று டயட்டீஷியன் சொல்லிவிட்டுப் போனதும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தி வாயை ஒருத்தி எண்ணினார்கள், பதினாலில் அக்கா முழுங்கிவிடுவாள், "கள்ளி" என்று இவள் சொல்வாள். வீட்டுக்குப் போகிற அன்று பேசிவைத்துக்கொண்டது, தினம் காலை பத்து மணிக்கு ஆளுக்கொரு செய்தி, எடை என்ன, நேற்று வாய்க்குள் போனது என்ன, கூட்டாமல் குறைக்காமல். "வீட்ல பொய் சொல்லலாம், டாக்டர்கிட்ட தாராளமா சொல்லலாம், நமக்குள்ள வேண்டாம் ஊசி." வேண்டாம்க்கா, என்று இவள்தான் சொன்னாள், இந்த வாயால்.

எட்டாவது மாதம் அக்கா கை நிறைய துணியோடு கடைக்கு வந்தாள், எல்லாம் தொளதொளவென்று. குறுக்கிக் கொடு, என்றாள். இவள் வழக்கப்படி, தைத்துவிட்டு மிச்சத் துணியை உள்ளேயே மடித்து விடுகிறேன் அக்கா, பின்னால் தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம், என்றாள். "விடாதே, வெட்டிடு, திரும்பிப் போறதுக்கு வழியே இருக்கக் கூடாது" என்றாள் அக்கா. வெட்டினாள், ஒவ்வொரு சட்டையிலும் இரண்டு பக்கமும், தரையில் விழுந்த துண்டுகளை அக்கா குனிந்து, முதல் தடவையாக மூச்சு வாங்காமல் குனிந்து, பொறுக்கிக் குப்பையில் போட்டாள். அன்று சாயங்காலமே இவள் தன் சட்டைகளையும் குறுக்கினாள்... உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டு. அது தொழில் புத்தி, எந்தத் தையல்காரியும் விடுவாள், அதில் என்ன தப்பு? தப்பில்லைதான். சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவே, என்னுடையதில் விட்டிருக்கிறேன் அக்கா, எனக்கு உன் அளவுக்கு நம்பிக்கை இல்லை என்று.

டப்பாவில் விற்கிற அந்தச் சர்க்கரைக் கெட்டிப்பால் எப்போது ஆரம்பித்தது, பதிமூன்றாவது மாதமா, பதினாலா? சோறு என்றால் நாலாவது வாயில் நெஞ்சில் வந்து நிற்கும், இறைச்சி என்றால் இரண்டாவதில், கெட்டிப்பால் எங்கும் நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும், டாக்டர் போட்ட அத்தனை தையலுக்கும் அது தெரியாமல் போய்விடும். மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம், போட்டுப் பார்க்கிற அறையின் திரையை இழுத்துவிட்டு, டப்பாவும் கரண்டியுமாக, எதிரே ஆளுயரக் கண்ணாடி, அதில் யாரோ ஒருத்தி அவசரமில்லாமல் நக்கிக்கொண்டிருப்பாள். மறுநாள் பத்து மணிக்கு அக்காவின் செய்தி வரும், நேற்று பிஸ்கட் ஆறு, அழுகை அரை மணி, எடை எழுநூறு கிராம் கூட, கூட்டவில்லை குறைக்கவில்லை, என்று. இவள் பதில் போடுவாள், நானூறு கிராம் குறைவு, முட்டை, கீரை, தண்ணீர் மூன்று லிட்டர். போட்டுவிட்டுச் சும்மா இருந்தாளா, அறிவுரை வேறு, 'பிஸ்கட்டை வீட்டிலேயே வாங்காதீங்க அக்கா', 'மனசுதான் காரணம் அக்கா', கரண்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை தட்டினாள், விரல் பிசுபிசுத்து எழுத்து மாறி மாறி விழுந்தது. ஏன், என்று கேட்டால் என்ன சொல்வது, பயமா, வெட்கமா... இல்லை, அதெல்லாம் பின்னால் போட்டுக்கொண்ட பூச்சு. பிடித்திருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஆள் அவளைப் பார்த்து, எப்படி ஊசி உன்னால மட்டும் முடியுது, என்று கேட்டது பிடித்திருந்தது.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை, ஐந்து மாதத்துக்கு முன்னால், அக்கா ஒரே ஒரு சட்டையோடு வந்தாள், அலுவலகத்துக்குப் போடுகிற சாம்பல் நிறச் சட்டை, "கொஞ்சம் பெருசு பண்ணிக் குடு" என்றாள், கண்ணைப் பார்க்காமல். திருப்பிப் பார்த்தால் உள்ளே நூலளவு துணி இல்லை, இவளே வெட்டியதுதானே. திரைக்குப் பின்னால் அக்கா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், இவள் நாடாவைச் சுற்றி அளவெடுத்தாள், நாடா சுற்றிய இடத்தில் அக்கா மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள், விடுங்கக்கா, சரியான அளவு வேணும், என்று இவள் சொல்ல, விட்டாள். கண்ணாடியில் இரண்டு பேரும். அக்கா கண்ணாடியைப் பார்த்தே கேட்டாள், "உனக்கு ஏறவே இல்லையா?" இல்லைக்கா. "கொஞ்சம்கூடவா?" கொஞ்சம் கவனமா இருந்தா போதும்க்கா. அப்போது இவள் போட்டிருந்த சட்டையை முந்தின வாரம்தான் பிரித்து விட்டிருந்தாள். அந்தச் சாம்பல் சட்டைக்கு இரண்டு பக்கமும் வேறு துணியில் பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தாள், எவ்வளவு சுத்தமாகத் தைத்தாலும் பட்டை வைத்தது தெரியும், அக்கா போட்டுக்கொண்டு போனாள். மறு வாரம் பத்து மணிக்குக் கடைசிச் செய்தி. 'நீ ஜெயிச்சுட்டே ஊசி. எனக்கு இனிமே கணக்குச் சொல்ல முடியல. நல்லா இரு.' அவ்வளவுதான். போன் எடுக்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்து இவள் தண்ணீர் வாரியத்துக்கே போய் வரிசையில் நின்றாள், முன்னால் ஏழு பேர், ஒவ்வொருவராகக் குறைந்து இவள் முறை வந்தபோது அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள், மெதுவாக, கோபமெல்லாம் இல்லாமல், 'உணவு இடைவேளை' என்ற பலகையை எடுத்துச் சன்னலில் வைத்துவிட்டு எழுந்து போனாள். மணி பத்தே முக்கால்.

டயட்டீஷியன் அம்மாள் எப்போது ஆரம்பித்து எப்போது முடித்தாள் என்றே தெரியவில்லை, கைத்தட்டல் கேட்டது, இவளை எழுந்திருக்கச் சொல்லிக் கணவர் முதுகில் கை வைத்தார். மேடைக்கு ஆறு படி. ஆறு மாதமாக எடையைப் போனிலேயே வாங்கி எழுதிக்கொள்கிற டயட்டீஷியன் அம்மாள் வாயெல்லாம் பல்லாக ஒலிபெருக்கியை நீட்டினாள். எழுதி வைத்த காகிதம் பையில் இருந்தது, டாக்டருக்கு நன்றி, அம்மாளுக்கு நன்றி, கணவருக்கு நன்றி. பக்கத்தில் அந்தப் படம், கிட்டத்தில் பார்த்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. "இது நான் இல்லை" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள், முன்பாதியைச் சொல்கிறாள் என்று நினைத்து. "பதினோரு கிலோ ஏறிட்டேன். கடையில திரையை இழுத்துவிட்டுக் கெட்டிப்பால் சாப்பிடறேன். சட்டையைப் பிரிச்சுப் பிரிச்சு விட்டுக்கிட்டு உங்களை எல்லாம் ஏமாத்திட்டு இருந்தேன். டாக்டர் மேல தப்பு இல்ல. நான்தான்." டயட்டீஷியன் அம்மாளின் பல் மறைந்தது. டாக்டர் மூன்றே எட்டில் வந்து ஒலிபெருக்கியை வாங்கினார், இவள் தோளில் கை போட்டார், "இதைத்தான் நான் இவ்வளவு நேரமா சொல்லிட்டு இருந்தேன், பொறுப்பு ஏத்துக்கறதுன்னா இதுதான், எங்க மையத்துல நோயாளிகளை நாங்க எப்படி உருவாக்கறோம்னு பாருங்க" என்றார். தட்டினார்கள் பாருங்கள், மேடைக்குக் கூப்பிட்டபோது தட்டியதைவிட இரண்டு மடங்கு, பின் வரிசையில் சிலர் எழுந்து நின்று. இவள் உடம்பெல்லாம் சூடாக ஏதோ பரவியது, அது என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது, தொண்டையில் எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிற அதே இனிப்பு.

இறங்கி வந்து உட்கார்ந்தாள். கணவர் பின்வரிசைக்காரரிடம் திரும்பி, "எதையும் மறைக்காதேன்னு நான் எப்பவும் சொல்லிட்டே இருப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேடையில் அடுத்த ஆள் வந்துவிட்டார். போனை எடுத்து மடியில் வைத்து, அக்கா, இன்னைக்கு மேடையில எல்லார் முன்னாடியும், என்று தட்டினாள், அழித்தாள். இதுவும் பத்து மணிச் செய்தி மாதிரிதான் இருக்கிறது, நானூறு கிராம் குறைவு என்பது மாதிரி. எடையைச் சொன்னாள், டப்பாவைச் சொன்னாள், தையலைச் சொன்னாள், பொறுப்பு பொறுப்பு என்று இருநூறு பேருக்கு முன்னால் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டாள், அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாளா? அதற்கு யார் தட்டப்போகிறார்கள். நானும்தான்க்கா, என்று அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும், தட்டுவதற்கு ஆளில்லாத ஒரு வார்த்தை, அதைக் கேட்டிருந்தால் அக்கா வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கவே மாட்டாள்... வெட்கப்பட்டா? அன்று கடை வாசலில், ஒருநாளும் இல்லாத வழக்கமாக, அக்கா இவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், நினைக்காமல் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்த இடம் அது, இப்போதுதான் காலில் இடறுகிறது, கட்டிப்பிடித்துவிட்டு உடனே விடவில்லை, ஒரு கை இவள் விலாவில், பிரித்துத் தைத்த இடத்தில், பழைய ஊசித் துளை வரிசையாக இருக்கிற இடத்தில், அசையாமல் இருந்தது, இப்போதாவது சொல்லிவிடு என்பது போல ஒரு மூச்சு நேரம், இரண்டு மூச்சு நேரம்... ஜவுளிக்கடையில தள்ளுபடி போடற நாள்ல வாங்கக்கா, துணி எடுத்துப் புதுசா தைக்கலாம், என்றுதான் இவள் சொன்னாள்.