சாம்பிராணி போடும் வீடுகள்

கல்யாண மண்டபத்து மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற இடத்தில், அன்றைக்கு ஒரு வெள்ளைத் திரையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எண்ணூரில் இருக்கிற ஆலைக்குப் பக்கத்திலேயே கம்பெனி இரண்டாவது ஆலை கட்டலாமா கூடாதா என்று ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம். டாக்டர் செங்குட்டுவன் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படமாக மாற்றிக்கொண்டு வந்தார். மூன்றாவது வரிசையில் ஜானட் உட்கார்ந்திருந்தாள். மடியில் தங்கச்சி பெனிஷாவின் பிள்ளை நோயல், பதினோரு மாதம். ஏசி குளிரில் பிள்ளையின் நெஞ்சு ‘கர் கர்’ என்று இழுத்தது. முதுகைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். திரையில் இப்படி இருந்தது: ‘ஆய்வு செய்த வீடுகள் 412. வீட்டுக்குள் புகை போடும் வீடுகள் 397. குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு வீட்டுப் புகையே முதன்மைக் காரணம்.’

அந்த முந்நூற்றுத் தொண்ணூற்றேழு வீட்டுக்கும் டிக் அடித்தவள் ஜானட்தான். வேறு யார்?

போன ஆடியில் ஆரம்பித்த கதை இது. டாக்டர் செங்குட்டுவன் நடத்துகிற ‘கடலோர நகர வளர்ச்சி ஆய்வு மையம்’ குப்பத்துப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறது, உள்ளூர் ஆள் ஒருத்தர் வேண்டும் என்றார்கள். உள்ளூரில் ஜானட்டை விட்டால் யார் இருக்கிறார்கள்? சாயங்காலம் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் “வா அக்கா, குந்து” என்று முறத்தை நகர்த்தி இடம் கொடுப்பார்கள். அந்த இடம்தான் மையத்துக்குத் தேவைப்பட்டது. அதெல்லாம் அவளுக்கு அப்போது எங்கே தெரிந்தது! நீல நாடாவில் ‘கள ஆய்வாளர்’ என்று அட்டை போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ரேஷன் கடைக்குப் போகும்போதுகூட அவள் அதைக் கழற்றவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினேழாவது கேள்வி வரைக்கும் ஒரு வில்லங்கமும் இல்லை. பதினேழில், ‘வீட்டுக்குள் புகை போடும் பழக்கம் உண்டா (விறகு, சாம்பிராணி, கொசுவத்தி)?’ என்று இருந்தது. பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். எப்போதாவது என்று சொல்ல இடமில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் போய் சாம்பிராணி போடுவதுண்டா என்று கேட்டால் எந்தத் தாய் இல்லை என்பாள்? தலைக்கு ஊற்றி, துவட்டி, கரண்டி நெருப்பில் சாம்பிராணி தூவி, அந்தப் புகையில் பிள்ளையின் தலைமுடியைக் காட்டாத வீடு என்ன வீடு? நாலாவது தெரு மலிகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டாள். “இன்னா அக்கா இப்டி கேட்டுட்ட? நாங்க இன்னா கொயந்தய கலீஜாவா வளக்குறோம்? வாரம் ரெண்டு வாட்டி போடுவேன், எய்திக்கோ!” அவள் போட்டு எட்டு மாதம் ஆகிறது என்று ஜானட்டுக்குத் தெரியும். பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்ததும், புகையே ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மலிகா மட்டுமா? இழுப்பு இருக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப்பேர் நிறுத்தித்தான் விட்டார்கள். ஆனால் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு காகிதத்தோடு வந்து கேட்டால், போடுவதில்லை என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. ஜானட்டும் அந்த மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி ‘ஆம்’ என்று அழகாக டிக் அடித்தாள்.

தங்கச்சி வீட்டுக் காகிதத்தை அவளிடம் கேட்காமலேயே எழுதினாள். பெனிஷாவும் சாம்பிராணிக் கரண்டியைப் பரண்மேல் போட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஊரே போடுகிறது, நம் வீட்டுக்கு மட்டும் இல்லை என்று எழுதினால் நன்றாகவா இருக்கும் என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

ஆலைக்காரன் அள்ளிக் கொட்டுகிற சாம்பலும் கரியும் துணி காயப்போட்டால் துணியில், சோறு வடித்தால் சோற்றில் வந்து விழுகிறது. பதினாறாவது கேள்வி வரைக்கும் அதைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கேள்வி வரைக்கும் கேட்கவே இல்லை. திரையைப் பார்த்தபோதுதான் அதுவும் உறைத்தது.

கூட்டத்தில் கருத்துச் சொல்ல எழுந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மைக்குக்காகக் கையை நீட்டினாள். கூட்டம் நடத்திய அதிகாரி காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க ஆய்வுக் குழுவாச்சே மா. நீங்க எப்படி பொதுமக்கள் சார்புல பேசுவீங்க?” என்று கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகமாகக் கேட்டார். ஜானட் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அட்டையைக் கழற்றிக்கொடுத்து மூன்று மாதமாகிறது. அதற்குள் மைக் பின்வரிசைக்குப் போய்விட்டது.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறி நுங்கம்பாக்கத்தில் மையத்தின் ஆபீஸுக்குப் போனாள். எழுதிக் கொடுத்த ‘ஆம்’களைத் திரும்ப வாங்கிவிட வேண்டும், அது ஒன்றுதான் மனசில். கண்ணாடி அறையிலிருந்து முதலில் வெளியே வந்தது நோட்டுப் புத்தகக்காரர். கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி அவர். வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும்போது கம்பெனி பெயர் போட்ட நோட்டுகளைக் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதால் அந்தப் பெயர். கம்பெனிக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று அவள் யோசிக்கிறதுக்குள், அவர் சமையல் மேடையில் தன் பெயர் போட்ட கோப்பையை எடுத்துத் தானே காபி கலந்துகொண்டார். பெண் எடுத்த வீட்டு மாப்பிள்ளை மாதிரி அங்கே இங்கே நடந்தார். ஜானட்டைப் பார்த்து, “அடடே, நம்ம டீச்சர்!” என்று சிரித்தார். அவருக்குப் பின்னால் சுவரில், ஆய்வு அறிக்கை வெளியீட்டு விழாவில் கம்பெனி முதலாளியும் டாக்டரும் தோளில் கைபோட்டு நிற்கிற படம் தொங்கியது.

டாக்டர் செங்குட்டுவன் எழுந்து நின்று வரவேற்றார். அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம். கோபப்பட்டுக் கத்துகிற ஆளாக இருந்தால் பதிலுக்குக் கத்தலாம். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, சாம்பிராணியை நிறுத்திய தாய்மார்களும் மானத்துக்குப் பயந்து ஆம் என்று சொன்ன கதையை அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

“நூத்துக்கு நூறு நீங்க சொல்றதுதான் சரி ஜானட். எனக்கே இது தோணலை பாருங்க,” என்றார்.

“அப்போ அந்தப் பதினேயாம் நம்பர எடுத்துடுங்க சார். நானே திருப்பி வூடு வூடா போய் கேட்டுகினு வரேன். சம்பளம் ஒண்ணும் வேணாம்.”

“ரிப்போர்ட் மேல போயாச்சே மா.”

“போனா இன்னா சார்? தப்பு கீதுன்னு ஒரு லெட்டர் போட முடியாதா?”

அவர் சிரித்தார். கேலியே இல்லாத, நல்ல சிரிப்பு. “போடலாம். ஆனா லெட்டர் போடுற எடத்துல இருந்துகிட்டு ஒண்ணும் மாத்த முடியாதும்மா. லெட்டர் வாங்குற எடத்துக்குப் போகணும். போகத்தான் போறேன்,” என்றார். பிறகு தங்கச்சி பிள்ளையின் பெயர், வயது, என்ன மருந்து என்று கேட்டுத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ் தண்டையார்பேட்டை தாண்டுகிற வரைக்கும் அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே வந்தாள். கேட்டது கிடைக்கவில்லை என்பது திருவொற்றியூர் வந்த பிறகுதான் புரிந்தது. இப்படியும் ஒரு மனுஷன் கையை விரிப்பானா!

புதன்கிழமை குப்பத்துக்கு ஒரு மருத்துவ வேன் வந்தது. டாக்டரின் படம் ஒட்டி, உள்ளே நர்ஸும் மூச்சுக்கு மருந்துப் புகை பிடிக்கிற மெஷினும் வைத்த வேன். நர்ஸ் இறங்கியதும், “நோயல் யாரு? முதல்ல நோயல்,” என்றாள். பெனிஷா பிள்ளையோடு ஓடினாள். பத்து நிமிஷ மருந்துக்குப் பிறகு பிள்ளை இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கியது. பெனிஷா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். இதற்கு முன்னால் இழுப்பு வந்தால், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோவில் மாட்டிக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு தடவையும் பிள்ளை பிழைத்தது ஆண்டவர் புண்ணியம்.

அன்றைக்குத்தான் ஜானட் தன் குட்டை உடைத்தாள். “உன் வூட்டுக் காயிதத்துலயும் ஆமான்னு நான்தான்டி எய்தினேன்.”

பெனிஷா தூங்குகிற பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, “வுடு அக்கா. நீ இல்லன்னு எய்தியிருந்தா மட்டும் மேல குந்திகினு கீறவன் கேட்டுடுவானா?” என்றாள்.

அது சமாதானமா, குத்தலா என்று ஜானட்டுக்கு இன்றுவரை தெரியாது. கலெக்டர் ஆபீஸுக்கு அவளே நாலு பக்கம் கடிதம் எழுதினாள். ரசீது முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பதில் இல்லை. ஐந்தாவது வாரம் வி.ஏ.ஓ. ஆபீஸ் பலகையில் உத்தரவு ஒட்டியிருந்தார்கள். ‘412 வீடுகளில் நடத்தப்பட்ட கள ஆய்வின் முடிவுகளைக் கருத்தில் கொண்டு’ இரண்டாவது ஆலைக்கு அனுமதி. அந்த வரியை அவள் மூன்று தடவை படித்தாள். நாலாவது தடவை படிக்கக் கண் ஓடவில்லை.

அதே வாரம் தேர்தல் அறிவித்தார்கள். சுவரெல்லாம் டாக்டர் செங்குட்டுவன் வேட்பாளராகக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். தேர்தல் விதிப்படி வேனில் இருந்த படத்தின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினார்கள். காகிதத்துக்குள் யார் என்று பேசக் கற்றுக்கொள்ளாத பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பிரசார ஜீப் குப்பத்துக்குள் வந்ததும் வேன் வருகிற ஒரு புதன்கிழமைதான். காலையிலிருந்தே நோயலுக்கு இழுப்பு. நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது, உதட்டோரம் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. வேன் தெருமுனையில் வந்து நின்றதும் பெனிஷா பிள்ளையை அள்ளிக்கொண்டு ஏறினாள். ஜானட்டும் ஏறப்போனாள். அதற்குள் ஜீப் வந்துவிட்டது. முன்னால் நோட்டுப் புத்தகக்காரர், வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தை இப்படி ஒதுங்கு அப்படி ஒதுங்கு என்று விலக்கிக்கொண்டு நடந்தார். அவருக்குக் கம்பெனியில் லீவாம். கட்சி வட்டச் செயலாளர் வரதன் ஜீப்பில் தொங்கிக்கொண்டு, “வெளியே வாங்க தாய்மாருங்களே! நம்ம டாக்டரு வந்துகினு கீறாரு!” என்று கத்தினான்.

டாக்டர் மைக்கை வாங்கினார்.

“இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு ஏன் மூச்சுத் திணறுகிறது? சாம்பிராணியாலா? அப்படித்தான் இத்தனை நாள் உங்கள் மீது பழி போட்டார்கள்! பிள்ளைக்கு ஆகாதென்று தெரிந்ததும் சாம்பிராணியை நிறுத்திய தாய்மார்கள் நீங்கள். கேட்டவர்களிடம் மானத்துக்குப் பயந்து ஆம் என்று சொன்னீர்கள். அந்த உண்மையை யாரும் எழுதவில்லை. நான் சட்டசபையில் எழுத வைப்பேன்!”

 விசிலும் கைதட்டலும் காதைப் பிளந்தன. மலிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் மனசில் இருப்பதை ஒரு பெரிய மனுஷன் ஊரறியச் சொல்லிவிட்டானே!

ஜானட்டுக்குக் காது அடைத்துக்கொண்டது. அவள் அன்றைக்கு ஆபீஸில் சொன்ன வார்த்தை, வரிசைகூட மாறாமல். பழி போட்டவர் யார், உத்தரவில் இருக்கிற ஆய்வு யாருடையது என்பது மட்டும் அதில் இல்லை. அடப்பாவி, அடப்பாவி என்று உள்ளே அடித்துக்கொண்டது. 

“இதை என் கண்ணைத் திறந்து சொன்னது யார் தெரியுமா? உங்கள் ஜானட் டீச்சர்! டீச்சர், மேலே வாங்க.”

வரதன் குனிந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். “அக்கா பேசு! அக்கா பேசு!” என்று மலிகா கத்தினாள். டாக்டர் மைக்கை அவள் கையில் வைத்து, “பேசுங்கம்மா,” என்றார், அதே நல்ல சிரிப்போடு. அவருக்குப் பயமே இல்லை. 

ஒரே ஒரு வாக்கியம் போதும். இவரோட ரிப்போர்ட்ட வச்சுத்தான் ஆலைக்குப் பர்மிசன் குடுத்தாங்க, இவரு கம்பெனி ஆளு. நாக்கு நுனியில் இருந்தது. அதற்கு அடுத்த வாக்கியம், அதில் டிக் அடித்தது நான்தான். அதையும் சொல்லிவிட அவள் தயாராகத்தான் இருந்தாள். ஊர் துப்பினால் துப்பட்டும்.

ஜீப்பின் உயரத்திலிருந்து பார்த்தால் தலைகளுக்கு அப்பால் வேனின் திறந்த கதவு தெரிந்தது. உள்ளே சின்ன ஸ்டூலில் பெனிஷா. அவள் மடியில் நோயல், முகத்தைவிடப் பெரிய மாஸ்க். டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டுப் புத்தகக்காரர் எப்போது அங்கே போனாரோ, வேன் படியில் ஒரு காலை வைத்து நின்றார்.

பெனிஷா அக்காவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தலையை லேசாக, ஒரே ஒரு தடவை, வேண்டாம் என்று ஆட்டினாள்.

“எல்லாருக்கும் வணக்கம்,” என்றாள் ஜானட். விளக்குக் கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்கள் தெருக்கோடி வரைக்கும் அதைத் திரும்பச் சொல்லின. அதற்குமேல் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. டீச்சருக்கு அழுகை முட்டுகிறது என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

அவள் மைக்கைக் கொடுக்கவில்லை. வேனுக்குள் நர்ஸ் மாஸ்க்கைத் தூக்கிப் பிள்ளையின் உதட்டைப் பார்த்துவிட்டு மறுபடி பொருத்தினாள். மருந்து தீர இன்னும் நாலு நிமிஷமாவது ஆகும், அதுவரைக்கும் வேன் நகரக்கூடாது. ஜானட் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த மாஸ்க்கையே பார்த்தபடி நின்றாள்.