வாட்டி கில்ஃபில்லனின் சிபாரிசு

பிளாக்ரிக் ஊரின் கால்பந்துக் குழு மேலாளருக்கு என்ன வேலை என்று வாட்டி கில்ஃபில்லனைக் கேட்டால், "கோடு போடுறது" என்பார். மைதானத்துச் சுண்ணாம்புக் கோட்டைத்தான் சொல்கிறார். ரயிலுக்குச் சீட்டு எடுப்பது, சட்டைகளைச் சலவைக்குப் போடுவது, வியாழக்கிழமைக் கூட்டத்தில் குறிப்பெழுதுவது எல்லாமே அவர் பாடு. சனிக்கிழமை யார் ஆடுவது என்பது மட்டும் அவர் கையில் இல்லை. அதை ஐந்து இயக்குநர்கள் கைதூக்கி முடிவு செய்வார்கள். மேசைக்கு அடியில் பத்துக் கால்கள். அவற்றில் ஒன்றாவது பந்தை உதைத்ததில்லை. உதைத்த காலுக்கோ வாக்கில்லை.

பதினேழு வயதில் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து நேரே வந்து சேர்ந்த மனிதர் வாட்டி. பதின்மூன்று வருஷம் இடது ஓரத்தில் காற்றாகப் பறந்தார். முழங்கால் போனதும் ஒரு தொப்பியைக் கொடுத்து மேலாளர் என்றார்கள். அதுவும் பன்னிரண்டு வருஷமாகிவிட்டது.

அந்தப் புதன்கிழமை அவர் கோல் வலையைத் தைத்துக்கொண்டிருந்தபோது எஃபி வந்தாள். நீல் ஆர்பக்கிளின் மனைவி. நீல் குழுவின் நடுத்தூண். எதிரணி தூக்கியடிக்கும் பந்தையெல்லாம் நெற்றியாலேயே திருப்பி அனுப்புகிறவன்.

"மாமா, இன்னிக்குக் காலையில கஞ்சியில உப்புப் போட்டுக் குடிச்சாரு. கிண்ணத்தைக் கழுவி வச்சேன். திரும்ப வந்து, கஞ்சி எங்கேன்னு கேக்கறாரு."

"பசிச்சிருக்கும்மா."

"சிரிக்காதீங்க மாமா. பொண்ணை ஜீன்னு கூப்பிடறாரு. ஜீன் அவரு தங்கச்சி. செத்து ஒம்பது வருஷமாச்சு."

வாட்டியின் கையில் ஊசி நின்றது. "டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"மூணு விரலைக் காட்டினாரு. இவரும் மூணுன்னுட்டாரு. அவ்வளவுதான். நான் ஆடாதீங்கன்னா, என் தலை என்ன பீங்கான் கோப்பையாங்கறாரு. இந்தச் சனிக்கிழமையாவது அவரை உக்கார வச்சிடுங்க மாமா. உங்களைத்தான் நம்பி வந்தேன்."

"சரிம்மா" என்றார் வாட்டி. யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது.

எப்படி உட்கார வைப்பது? நீல் ஆட்டத்தில் தடுமாறுகிறான், ஓய்வு கொடுங்கள் என்று முந்தின இரண்டு வியாழனும் கேட்டுப் பார்த்தாயிற்று. தலைவர் பர்டி, கசாப்புக்கடைக்காரர், "ஓரத்துல ஓடினவனுக்கு நடுவுல நிக்கிறவன் அருமை தெரியுமா?" என்று சொல்லி முடித்துவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் வாட்டியின் சொல் ஒருமுறைகூட ஏறியதில்லை. அவர் வேண்டும் என்றவனை நீக்குவார்கள். வேண்டாம் என்றவனைச் சேர்ப்பார்கள். கிழக்கே என்றால் அவர்களுக்கு மேற்கு.

வீட்டுக்கு நடந்து போகையில்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. பாவம், நெடுநாள் கழித்து ஒரு பந்து தன் காலுக்கு வந்ததுபோல மகிழ்ந்துபோனார்.

மறுநாள் கூட்டத்தில் நீலின் பெயர் வந்ததும் வாட்டி பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

"நீல் கட்டாயம் வேணும். அவன் இல்லாம அணியே இல்லை. கோட்டைச் சுவரு மாதிரி நிக்கிறான். இது என் சிபாரிசு."

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரொட்டிக்கடை லெக்கி வழக்கம்போல மறுக்க வாயைத் திறந்தார். பர்டி கையமர்த்தினார்.

"இரு லெக்கி. வாட்டி நம்ம குழுவுக்கு வந்து இதோட இருபத்தஞ்சு வருஷம். நேத்துதான் என் வீட்டுக்காரி சொன்னா. ஒரு தடவையாவது இவன் பேச்சைக் கேட்டோமா? இன்னிக்குக் கேப்போம். இது நம்ம மரியாதை."

ஐந்து கைகளும் உயர்ந்தன. யாரோ மேசையைத் தட்டினார்கள்.

வாட்டி இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். "இல்லீங்க. அவனுக்குத் தலை சரியில்லீங்க. ஞாபகம் தப்புது. அவன் சம்சாரமே வந்து சொல்லுது."

"இப்பத்தானேய்யா கோட்டைச் சுவருன்னே?"

"அது... நான் வேணும்னா நீங்க வேணாம்பீங்கன்னு..."

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. "ஏய், மரியாதை பண்ணா மனுஷனுக்கு வெக்கம் வந்துடுச்சு" என்றார் லெக்கி. "எழுதுய்யா. மேலாளர் சிபாரிசுப்படின்னு எழுது."

வாட்டி எழுதினார். தம் கையாலேயே எழுதினார். எழுதிய பட்டியலை மைதானத்துக் கதவில் தாமே ஆணியடித்து மாட்டவும் செய்தார்.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. தோல்பந்து தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கல்லாகியிருந்தது. ஒருவன் மைதானத்தில் இறங்கிவிட்டால் அவனுக்குப் பதிலாக இன்னொருவனை அனுப்பும் வழக்கம் அந்நாளில் இல்லை. வாட்டி கோட்டுக்கு வெளியே நின்று எண்ணினார். நீலின் நெற்றியில் ஒன்று, இரண்டு, ஐந்து. ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். கூட்டம் ஆரவாரித்தது.

இடைவேளையில் அவன் தோளைப் பிடித்தார். "நீல், ஓரமா போய் நில்லுடா. தலையைக் குடுக்காதே."

"பத்துப் பேரா ஆடச் சொல்றீங்களா பாஸ்? எஃபி வந்து அழுதாளா?"

"ஆமாடா."

"அவ மழைக்கே அழுவா" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனான்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. மூலையிலிருந்து வந்த பந்துக்கு நீல் எழும்பினான். வாட்டி கண்ணை மூடிக்கொண்டார். ஊரே கத்தியது, கோல். கண்ணைத் திறந்தபோது மற்றவர்கள் தங்கள் பக்கத்துக்குத் திரும்பி ஓடிவந்தார்கள். நீல் மட்டும் எதிரணியின் கோலுக்கு முன்னால் போய், அதுதான் தங்கள் கோல் என்பதுபோலக் காவலுக்கு நின்றான். எதிரணிக் கோல்காரன் அவன் தோளைத் தொட்டு மெல்லத் திருப்பிவிட்டான். விளையாட்டுக்குச் செய்கிறான் என்று கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஒன்றுக்குப் பூஜ்யம். வெற்றி.

உடைமாற்றும் அறையில் மற்றவர்கள் வெந்நீர்த் தொட்டியில் பாடிக்கொண்டிருக்க, நீல் சேற்றுப் பூட்ஸோடு பலகையில் உட்கார்ந்திருந்தான்.

"பாஸ், இன்னிக்கு யாரோட ஆட்டம்?"

வாட்டி அவன் முன்னால் வலிக்கிற முழங்காலை ஊன்றி உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். ஈரத்தில் முடிச்சு இறுகிக் கிடந்தது.

பர்டி மற்ற நால்வரோடும் உள்ளே வந்தார். முகமெல்லாம் சிவப்பு. "வாட்டி, கண்ணுன்னா உன் கண்ணுதான்யா. இவ்வளவு நாள் நாங்க முட்டாளா இருந்துட்டோம். இப்பவே பேசி முடிச்சாச்சு. அடுத்த வாரத்துலேருந்து அணியை நீயே போடு. நாங்க யாரும் கேக்க மாட்டோம்." ஆடுகிறவர்கள் பெயருக்கு எதிரே குறிபோடும் பென்சிலைத் தம் பையிலிருந்து எடுத்து வாட்டியின் கோட்டுப் பையில் செருகினார்.

பன்னிரண்டு வருஷமாக அவர் கேட்ட வரம் அது. வாட்டி தலை நிமிரவில்லை.

அவர்கள் போனதும் கதவிடுக்கில் எஃபி தெரிந்தாள். உள்ளே வரவில்லை. வாட்டியின் முகத்தைப் பார்த்தாள். அவரால் அவளைப் பார்க்க முடியவில்லை.

"பாஸ்" என்றான் நீல், சின்னக் குரலில். "சனிக்கிழமைக்கு அணி போட்டாச்சா? என் பேரு இருக்கா?"

"இல்லைப்பா."

"ஏன், நான் என்ன தப்புப் பண்ணேன்?"

முடிச்சு அவிழவில்லை. வாட்டி குனிந்து அதைப் பல்லால் கடித்து இழுத்தார்.