உள்ளே ஆள் இருக்கும் வீட்டைத் தூக்குதல்

1

காலை ஏழே முக்கால். தொண்டைமானாற்றில் பஸ் நின்றது. மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று வழியில் சரிந்து கிடந்தது. ஜன்னலால் ஒரு வீடு தெரிந்தது. தளத்தோடு சேர்த்துச் சுவரை அத்திவாரத்திலிருந்து வெட்டிப் பிரித்து, சுற்றிவரக் கீழே ஜாக் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஜாக்கின் பக்கத்திலும் ஒருவர் குந்தியிருந்தார். வீட்டுக்குள் ஒரு பெண் மேசையில் கோப்பையை வைத்து எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு மனிதன் விசிலை வாயில் வைத்தபடி, ஊதாமல் நின்றான்.

மோட்டார் சைக்கிளை நிமிர்த்தினார்கள். பஸ் புறப்பட்டுவிட்டது.

நான் கண்டது இவ்வளவுதான். மிச்சம் முழுவதும் நான் கட்டியது. எங்காவது வெடிப்புத் தெரிந்தால் குற்றம் மேசனுடையது, வீட்டுக்காரருடையது அல்ல.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “ஐப்பசி மழை அந்த வருடம் முந்திக்கொண்டு”

விட்டுவிட்டேன். மழையில் தொடங்கினால் யாராவது அழவேண்டி வரும். இது அழுகிற கதை அல்ல.

பிறகு இப்படி: பாரம் தூக்கும் ஜாக் இரண்டு வகை.

இது நிற்கிறது. எண்ணெய் ஜாக்கில் கைபிடியை அடிக்க அடிக்க உள்ளே அழுத்தம் ஏறும், பாரம் எழும். விரைவான வேலை. ஆனால் உள்ளேயிருக்கும் றப்பர் வளையம் களைத்தால் எண்ணெய் கசியும். பாரம் சத்தமில்லாமல் இறங்கும். திருகு ஜாக் வெறும் மரை. கம்பி போட்டு முறுக்கவேண்டும். தோள் கழன்றுவிடும். ஆனால் விட்ட இடத்தில் நிற்கும்.

(எத்தனை தொன் என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஒரு வீடும் ஒரு பெண்ணும்.)

3

பெண்ணின் பெயர் குணலட்சுமி. கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளர். வீடு அவளுடைய சீதனம். காணி உறுதி அவள் பெயரில். கணவன் றஞ்சித் சந்தியில் லொறி திருத்தும் கராச் வைத்திருக்கிறான். தாலி கட்டிய நாளிலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறான். இந்தப் பக்கத்தில் அதில் புதினம் இல்லை.

வீட்டின் முன்னால் போகும் றோட்டை மூன்று தரம் உயர்த்திப் போட்டார்கள். வீட்டை யாரும் உயர்த்தவில்லை. ஒவ்வொரு ஐப்பசியும் றோட்டு வெள்ளம் படியால் இறங்கி, விருந்தாளி மாதிரி முன் கதவாலேயே உள்ளே வந்தது. கடைசியில் வீட்டை மூன்றடி தூக்குவது என்று முடிவெடுத்தார்கள்.

வீடு தூக்குகிறவன் யாகோப்பு, காங்கேசன்துறைக்காரன். அவனிடம் திருகு ஜாக்குகள் இருந்தன. றஞ்சித்திடம் எண்ணெய் ஜாக்குகளும் ஒரு கருத்தும் இருந்தன.

“அண்ணை, வீடு லொறி இல்லை,” என்றான் யாகோப்பு.

“லொறி உருளும். வீடு நிக்கும். நிக்கிறதைத் தூக்கிறது லேசுதானே?”

“ஒரு ஜாக் கசிஞ்சால் ஒரு மூலை இறங்கும். மூலை இறங்கினால் சுவர் பிளக்கும்.”

“என்ரை ஜாக் கசியாது. இவ்வளவு காலமும் அதுக்குக் கீழை படுத்துத்தான் வேலை செய்யிறன். இஞ்சை பார், முழுசாத்தானே இருக்கிறன்?”

“முழுசுக்கு மேலை இருக்கிறியள்,” என்றாள் குணலட்சுமி குசினிக்குள்ளிருந்து. “தம்பி, அந்த வயித்தையும் கணக்கிலை சேருங்கோ.”

எண்ணெய் ஜாக் என்றே முடிவாயிற்று. யாகோப்பு ஆட்களைக் கொண்டுவருவான். அவனுடைய ஜாக்குகள் அவன் வீட்டிலேயே கிடக்கும்.

4

தூக்குகிற நாட்களில் நீர்வேலியில் தன் தமக்கை வீட்டில் தங்கலாம் என்றான் றஞ்சித்.

“நான் வரேல்லை,” என்றாள் குணலட்சுமி.

“ஏன்?”

“எல்லாரும் வெளிக்கிட்டால் அது விட்டுப்போன வீடு. திரும்பி வாறதெண்டால் நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபூர வேணும். புரட்டாதியிலை ஆர் குடிபூருறது? ஐப்பசிக்கு நாள் எடுத்தால் வெள்ளத்துக்குள்ளை அடுப்பு வைக்க வேணும்.”

“அதுக்கு?”

“ஒரு ஆள் உள்ளுக்கை இருந்தால் காணும். வீடு குடியிருந்தபடி இருக்கும். நான் லீவு போட்டிட்டு இருக்கிறன். நீங்கள் தூக்குங்கோ.”

றஞ்சித் வாயைத் திறந்தான். யாருடைய வீடு என்பது ஞாபகம் வந்தது. மூடினான்.

(நம்பிக்கைக்காக ஒருத்தி ஆபத்தில் இருப்பதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஒரு வரைவில் அவளை நீர்வேலிக்கு அனுப்பியும் பார்த்தேன். வாழைக்குலையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டாள்.)

5

மறுநாள் கராச்சில் றஞ்சித் ஒரு எண்ணெய் ஜாக்கை எடுத்து லொறிக்குக் கீழே வைத்து ஏற்றினான். பக்கத்தில் வாங்கைப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்தான். மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. ஜாக் மயிரிழைகூட இறங்கவில்லை.

யாகோப்புவுக்குப் போன் எடுத்தான்.

“உன்ரை திருகு ஜாக்கைக் கொண்டு வா. எல்லாத்தையும்.”

குணலட்சுமிக்கு மாலையில் தெரிந்துவிட்டது.

“ஏன் மாத்தினனீங்கள்?”

“சும்மாதான். அவனும் பிழைக்க வேணுமெல்லோ.”

“கசியாதெண்டியள்.”

“கசியாது.”

“அப்ப?”

அவன் பழந்துணியால் கையைத் துடைத்தான். கையில் எண்ணெய் இருக்கவில்லை.

“என்ரை வீட்டுக்கு அது காணும். எனக்கெண்டால் போதாதோ?” என்றாள் குணலட்சுமி.

இந்த இடத்தில் “குணலட்சுமி கதவை ஓங்கி அடித்துச்” என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். தன் சீதனக் கதவை அவள் அடித்துச் சாத்தமாட்டாள். எழுதியதை வெட்டாமல் விடுகிறேன். நான் அவளை எவ்வளவு பிழையாக நினைத்தேன் என்று தெரியட்டும்.

அவள் சிரித்தாள்.

“நீர் உள்ளுக்கை இருந்தால் கணக்கு வேறை,” என்றான் றஞ்சித். அவனால் முடிந்த அதிகபட்சம் அது. கலியாணம் பேசிய காலத்திலும் அவன் இவ்வளவு சொன்னதில்லை.

“அப்ப நீங்களும் உள்ளுக்கை இருங்கோ.”

“நான் விசில் ஊத வேணும்.”

(திருகு ஜாக்கில் ஒரு விசிலுக்குக் கால் முறுக்கு. எல்லாரும் ஒன்றாக முறுக்கவேண்டும். ஒருவர் பிந்தினால் வீடு சரியும். ஊதுகிறவர் வெளியே நின்று, நாலு மூலையையும் கண்ணால் பிடித்தபிறகே ஊதவேண்டும்.)

“யாகோப்பு ஊதட்டும். அவன்ரை தொழில்தானே.”

“யாகோப்பு நல்லாத்தான் ஊதுவான். ஆனால் உள்ளுக்கை இருக்கிறது அவன்ரை மனிசி இல்லை.”

குணலட்சுமி அவன் கையிலிருந்த பழந்துணியை வாங்கி மடித்தாள். பிறகு, “நீங்கள் பக்கத்திலை இருந்தால் எனக்குப் பயம் இருக்காது,” என்றாள்.

பயம் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்பே தெரிந்திருந்தால் இந்தக் கதையை வேறுமாதிரித் தொடங்கியிருப்பேன்.

6

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) றஞ்சித் வெளியே நின்று ஊதுகிறான். வீடு மூன்றடி எழுகிறது. கீறல் இல்லை. தான் தனியே இருந்ததை அவள் ஒவ்வொரு சண்டையிலும் எடுத்து மேசையில் வைக்கிறாள்.

(ஆ) றஞ்சித் விசிலை யாகோப்புவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகிறான். வீடு எழுகிறது. வாசல் நிலைக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. “நான் வெளியிலை நிண்டிருந்தால்” என்று அவன் தொடங்கும்போதெல்லாம், “நிண்டிருந்தால் நான் செத்திருப்பன், பயத்திலை,” என்கிறாள் அவள்.

இரண்டிலும் வீடு விழவில்லை. விழுகிற முடிவொன்றை எழுதக் கை எழவில்லை. இலக்கியம் படித்த நண்பர் ஒருவர் அதைக் குறையாகச் சொன்னார். அவருடைய வீடு றோட்டைவிட உயரம்.

திரும்பிப் போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து நான் வேறு வழியால்தான் போய்வருகிறேன். கொஞ்சம் சுற்று.

7

ஆகவே, காலை. ஆட்கள் குந்திவிட்டார்கள். கம்பிகள் ஜாக்கில் மாட்டியாயிற்று. யாகோப்பு சிலுவை போட்டுக்கொண்டான். வாசலில் தேங்காயும் உடைத்தாயிற்று. றஞ்சித் நாலு மூலையையும் பார்த்தான். வாயில் விசில்.

உள்ளே குணலட்சுமி கோப்பையில் தேத்தண்ணியை விளிம்புவரை ஊற்றினாள். சிந்தினால் வீடு சரிகிறது என்று அர்த்தம். அவள் சத்தம் போடுவாள். அது அவளுடைய ஏற்பாடு. யாகோப்பும் நல்லது என்று சொல்லியிருந்தான்.

பக்கத்தில் இன்னொரு கோப்பை.

பஸ் ஜன்னலால் நான் ஒரு கோப்பையைத்தான் கண்டேன். இரண்டாவதை வைத்தது நான். அதற்குப் பிறகு என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. றஞ்சித் விசிலை வாயிலிருந்து எடுத்தான் என்று எழுதினால் ஒரு கதை. ஊதினான் என்று எழுதினால் வேறொன்று. நீங்கள் அவனை என்னளவு அறிவீர்கள். அவளை என்னைவிட நன்றாக அறிந்திருக்கலாம்.

அவள் ஜன்னலுக்கு வந்தாள். ஆட்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

“இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது. உள்ளுக்கை வாறியளோ, உதிலைதான் நிக்கப்போறியளோ?”