உப்புக் காற்றுக்கு ஆகாத பூட்டு

உண்மைக்கு விலையே கிடையாது என்பார்கள். பூட்டுக்கடைக்காரர் விலை வைத்தார்: ஒரு நாற்காலி. கல்லாவுக்குப் பின்னால் அவர் சுழன்று சுழன்று உட்காரும், உயிருக்கு உயிரான நாற்காலி.

கடையின் இணையதளத்தை எழுதியதும் அவரேதான். 'சிறந்த பூட்டு, மலிவான பூட்டு, சிறந்த மலிவான பூட்டு' என்று பக்கம் முழுக்க ஒரே பாட்டு. தேடுபொறி மயங்கிவிடும் என்று கணக்கு. விலை? நேரில் வரவும். குறை? மூச். பேரம் படியுமுன் சரக்கின் குறையைச் சொல்லும் ஆள் அவர் வளர்ந்த கடைத்தெருவில் பிறக்கவே இல்லை. அந்தப் பக்கத்தைத் தினமும் தவறாமல் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏங்க, சிறந்த பூட்டுன்னா தேடுவாங்க? சாவி மாட்டிக்கிச்சே, என்ன செய்யன்னு தேடுவாங்க. போன்ல தினம் கேக்குறதையும் நான் சொல்ற பதிலையும் அப்படியே எழுதுறேன்."

"பதிலை ஓசியில குடுத்தா எவன் கடைக்கு வருவான்?"

"வந்தா?"

"மாசம் முடியறதுக்குள்ள ஒருத்தர் அதைப் படிச்சிட்டு வந்து வாங்கட்டும். இந்த நாற்காலி உனக்கு!"

அவள் எழுதினாள். மாட்டிய சாவியை எடுப்பது எப்படி, கதவின் கனத்தை அளப்பது எப்படி, எந்தப் பூட்டு என்ன விலை. இருப்பதிலேயே விலை கூடிய பூட்டின் கீழே ஒரு வரி: 'கடலோர வீட்டுக்கு ஆகாது. உப்புக் காற்றில் துருப்பிடிக்கும்.'

"அடிப்பாவி! கடையை இழுத்து மூடவே எழுதினியா?"

மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம், கையில் போனோடு ஒரு பெண்மணி உள்ளே வந்து, கடலோர வீட்டுக்குப் பூட்டு கேட்டார். பழக்கதோஷம், கடைக்காரர் அந்த விலை கூடிய பூட்டையே நீட்டினார். "கடல்ல முக்கினாலும் துருப்பிடிக்காதும்மா!"

"என்னண்ணே, உங்க பக்கத்துல ஆகாதுன்னு போட்டிருக்கே! 'கடலோர வீட்டுக்கு எந்தப் பூட்டு'ன்னு தேடினேன், முதல்ல உங்க கடைதான் வந்துச்சு. தன் சரக்கையே குறை சொல்றாங்களே, இவங்க ஏமாத்த மாட்டாங்கன்னு கிளம்பி வந்தேன். எங்க குடியிருப்புல இருபது கதவு இருக்கு."

பின்னால் மனைவி தொண்டையைச் செருமினாள்.

கடைக்காரர் கடையே அதிரச் சிரித்தார். கைக்குட்டையால் நாற்காலியைத் தட்டித் துடைத்தார். "முதலாளியம்மா, உக்காருங்க. விலையில ஏதாவது குறைக்கலாமா?"

"போட்ட விலைதான்," என்றாள் அவள், ஒரு சுற்று சுழன்றுகொண்டே.

"அதுக்கென்ன, சரியான விலைதானே," என்றார் பெண்மணி.

அன்றைய கணக்கு: விற்றது, துருப்பிடிக்காத பூட்டு இருபது. பேரம், பூஜ்யம். கைமாறியது, நாற்காலி ஒன்று. பாக்கி, பழைய முதலாளி உட்கார ஒரு முக்காலி.